இரண்டு பக்கமும் துடைத்த படம்

சித்தியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், எங்கள் வகையில் யாருக்கோ பேத்தி, என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, "இவியதான் கண்ணன அழிச்ச பாட்டி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சொன்னவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், சொல் மட்டும் போகவில்லை. சித்தி இருந்தவரை நான் வாயைத் திறந்ததில்லை. இப்போது அவளும் இல்லை. இனிமேல் சொன்னால் அவளுக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைக்கிறேன். அப்படியும் வருமோ என்று எழுதும்போதே பயமாகத்தான் இருக்கிறது.

என் வயது ஆட்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். உங்கள் வீட்டிலும் கரண்டு வருவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கு இருந்திருக்கும். சாயங்காலமானால் சிம்னி துடைக்கிற வேலை வீட்டிலிருக்கிற சின்னக் கைக்குத்தான் விழும், பெரியவர்கள் கை உள்ளே போகாது. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டில் ஆறு விளக்கு. சாம்பலைத் தொட்டு உள்பக்கம் ஒரு சுற்று, வெளிப்பக்கம் ஒரு சுற்று, ஈரத்துணியால் மறுபடி உள்ளும் புறமும். வெளியே மட்டும் துடைத்துவிட்டு வந்தால் அம்மா சிம்னியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒரு பக்கம் தொடச்சா கண்ணாடி தெளியுமா?" என்று தலையில் குட்டுவாள். கண்ணாடி என்றால் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பாடம் அது.

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே இருக்கிற மீனாட்சிபுரத்திலிருந்து உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். அண்ணன் தம்பி மூன்று பேர் குடும்பமும் ஒரே வீட்டில். பெரியப்பா இறந்துவிட்டதால் எல்லாம் பெரியம்மா சொன்னபடி. எங்கள் அப்பா நடு. சித்தப்பா கடைசி, அவர் மனைவிதான் சித்தி. ஒன்பது மாடு கட்டியிருந்தோம். விடிவதற்கு முன்னாலேயே கேன்கள் உருளும் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். வீட்டுக்குள் எந்த மூலைக்குப் போனாலும் பால் வாசமும் பருத்திக்கொட்டை வாசமும் இருக்கும்.

எங்கள் வகையில், சொந்தக்கார வீடுகளுக்கெல்லாம் பொதுவாக, ஒரு படம் இருந்தது. யசோதையம்மா படம் என்போம். ஒன்றரை முழ உயரம், கண்ணாடியின் பின்புறத்தில் வண்ணத்தால் எழுதியது. தஞ்சாவூர்ப் பக்கம் எழுதினார்கள் என்பார்கள், யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் யசோதைக்கு வட்டமான முகம், காதுவரை நீண்ட கண். பச்சைப் புடவை. வளையலுக்கும் அட்டிகைக்கும் பொன் காகிதம் வைத்திருந்தார்கள். மடியில் நீலக் குழந்தை. ஒரு பக்கம் பால் குடித்துக்கொண்டே மறுபக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டிருக்கும். யாராவது பங்குக்கு வந்துவிடுவார்களோ என்பதுபோல ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். காலடியில் ஒரு வெள்ளைப் பசு.

எந்த வீட்டில் யாருக்கு ஏழாம் மாதமோ அந்த வீட்டுக்குப் படம் போகும். அவள் படுக்கிற இடத்தில் கால்மாட்டுச் சுவரில் மாட்டுவார்கள். கண் திறந்தால் முதலில் அதில்தான் விழ வேண்டும். பிள்ளையைத் தொட்டிலில் போட்டபின் படம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். "படம் இப்ப எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாலே யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று கேட்பதாகத்தான் அர்த்தம்.

சித்திக்காக அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு முறை வந்திருந்தது. இரண்டு முறையும் தொட்டில் கட்டாமலே திரும்பிப் போனது.

மூன்றாவது முறை மார்கழியில் வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓட்டைத் தூக்கிவிடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கொல்லங்கோட்டு அத்தை படத்தைப் பழம்புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததால் கண்ணாடி முழுக்கக் கரிப்புகை. யசோதையின் முகமே தெரியவில்லை.

பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏ அம்மிணி, வெளக்குத் தொடைக்கறப்ப இதையும் தொடச்சு வெச்சுரு. கண்ணாடி பத்தரம்."

கண்ணாடி பத்திரம் என்றுதான் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கிணற்றடியில் உட்கார்ந்து முன்பக்கம் துடைத்தேன். பளபளவென்று வந்தது. அப்புறமும் உள்ளே ஏதோ மங்கலாக இருந்தது. பின்பலகையின் ஆணியெல்லாம் துருவேறி, இழுத்ததும் பலகை கையோடு வந்துவிட்டது. உள்ளே கரையான் மண்ணும் பூச்சியும். இவ்வளவு அழுக்கையா அத்தை மாட்டி வைத்திருந்தாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. சாம்பலைத் தொட்டு, சிம்னிக்குப் போடுகிற மாதிரி நடுவில் ஒரு சுற்று.

துணி நீலமாக வந்தது. அழுக்குத்தான் என்று நினைத்தேன். இன்னொரு சுற்று சுற்றிவிட்டு முன்பக்கம் திருப்பினேன். குழந்தையின் உடம்பைக் காணோம். மெல்லிய கறுப்புக் கோடும் இரண்டு கண்ணும் மட்டும் நின்றன. அந்தக் கண்ணின் வழியாக என் விரலே எனக்குத் தெரிந்தது. பயத்தில் துணியை இழுத்தேன் பாருங்கள், அந்த இழுப்பில் கோடும் கண்ணும் சேர்ந்து போய்விட்டன. மடியில் வெறும் கண்ணாடி. யசோதை இரண்டு கையாலும் கிணற்று மேடையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அழக்கூட இல்லை. துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து, ஒரு வெள்ளைத் துண்டுத்துணியை முக்கி, காற்றில் காயவைத்து, அந்த ஓட்டைக்குப் பின்னால் வைத்துப் பலகையை மூடினேன். தூரத்திலிருந்து பார்த்தால் நீலக் குழந்தை இருப்பதுபோலத்தான் இருந்தது. முகம் மட்டும் இல்லை. கண் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

சித்தியின் அறையில் ஜன்னல் சின்னது. படத்தை மாட்டிவிட்டு, பெரியம்மா கும்பிட்டாள், அம்மா கும்பிட்டாள், அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். யாரும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் காப்பி கொண்டுபோனேன். சித்தி படுத்தபடியே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திக்கு அப்போது இருபத்திரண்டு இருபத்துமூன்று இருக்கும். வறுத்த கடலைக்காயை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு கொறிப்பாள், எனக்கும் கொடுப்பாள்.

"ஏம் புள்ள, இவனுக்குக் கண்ணெங்க?"

தம்ளரைத் தரையில் வைத்தேன்.

"நீ தொடச்சியா?"

தலையாட்டினேன்.

"ரெண்டு பக்கமுமா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"அழுவாத. போனா போறான். போன ரெண்டு வாட்டியும் என்னய மொறச்சுப் பாத்துக்கிட்டேதான இருந்தான், என்ன குடுத்தான்? இப்பக் கண்ணில்லாம கம்முனு கெடக்கறான். எனக்கு இதுதான் நிம்மதி."

"பெரீம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"நாஞ் சொல்ல மாட்டேன். எம் மேல ஆணை."

அவள் மேலேயே ஆணையிட்டாள். அது அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இப்போது நினைத்தால், வேறு எதன் மேலாவது ஆணையிட்டிருக்கலாமே என்று இருக்கிறது.

இரண்டு மூன்று நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கால் அமுக்கச் சொன்னாள். என் கட்டைவிரல் பதிந்த இடம் குழியாக அப்படியே நின்றது. "பாரு, மண்ணுல பதிஞ்ச மாதிரி" என்று அவளே எட்டிப் பார்த்தாள். முகமும் உப்பியிருந்தது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்த வாட்டி மூஞ்சில களை கட்டிருச்சு" என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

அப்புறம் தலைவலி. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். "கண்ணுக்குள்ள மின்மினிப் பூச்சியாட்டம் பறக்குது புள்ள" என்றாள் ஒருநாள்.

"அம்மாகிட்டச் சொல்லட்டுங்களா சித்தி?"

சடாரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சொல்லிப்போடாத. போன வாட்டி முடியலன்னு வாயத் தொறந்தேன். ஒடனே வண்டி கட்டி என்ற அம்மா ஊட்டுல கொண்டுபோய் விட்டாங்க. அங்க போய்த்தான் போச்சு. 'கொண்டுபோய்த் தொலச்சுட்டு வந்துட்டா'ன்னு எத்தன பேச்சு. இனியும் வெறுங்கையோட நின்னா உன்ற சித்தப்பனுக்கு வேற பொண்ணு பாக்கறதுன்னு உங்க பெரீம்மா முடிவே பண்ணிட்டாங்க. எங்காதுபடத்தான் சொன்னாங்க." பிடியை விடாமல், "உன்றத நான் சொல்லல. என்றத நீ சொல்லாத" என்றாள்.

சரி என்றேன்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பள்ளியில் டீச்சர் கேட்டதற்கெல்லாம் எழுந்து நின்று விழித்தேன். நான் கண்ணை அழித்ததால்தான் சித்தியின் கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. சொன்னால் சித்தியை அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ, அதுவும் தெரியவில்லை. சாப்பாடு செல்லவில்லை. கீரைப்பூச்சியாக இருக்கும் என்று அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நட்டநடு மத்தியானம், மோர் கொண்டுபோய் நீட்டினேன். சித்தியின் கை தம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது.

"பொழுது எறங்கிருச்சா புள்ள? வெளக்குப் பத்த வெக்கலயா?"

வாசலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மோரை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன்.

மாட்டுத் தொழுவத்தில் அம்மாவும் பெரியம்மாவும் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சொன்னேன். நான் செய்த தப்பு, எந்த வரிசையில் சொன்னேன் என்பதுதான். மனசில் எது பெரிய பாரமோ அது முதலில் வந்துவிட்டது. "படத்துல கண்ணன நான் அழிச்சுட்டேனுங், சித்திக்குக் கண்ணுத் தெரியலீங்" என்றேன். முதல் பாதியிலேயே பெரியம்மா தவிட்டுக் கையோடு எழுந்துவிட்டாள்.

படத்தை இறக்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். பலகையைப் பிரித்ததும் நீலத்துணி கீழே விழுந்தது. பெரியம்மா அதைத் தொடக்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா என்னை அறைந்தாள்.

"சித்திக்குக் கண்ணு..." என்று மறுபடி சொன்னேன்.

பெரியம்மா அறைக்குள் தலையை நீட்டினாள். "ஏம்மா, இவ என்னமோ சொல்றாளே. கண்ணுக் கிண்ணுத் தெரியலையா?"

சித்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லீங்க்கா. நல்லாத் தெரியுதுங்க. அடிக்குப் பயந்துட்டு எதையோ ஒளறுறா."

"இங்க நிக்கறது ஆரு?"

"ஏனுங்க்கா, நீங்கதான்."

பெரியம்மாவுக்குத் திருப்தியாகிவிட்டது. குரலைக் கேட்டால் யாருக்குத்தான் தெரியாது? அந்த வீட்டில் அவள் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு மாடுகள்கூட அடையாளம் கண்டுகொள்ளும். அது அங்கே இருந்த இரண்டு பெரியவர்களுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் நான் பொய்க்காரி ஆகிவிட்டிருந்தேன்.

அன்று மிச்சப் பொழுது முழுக்கப் படத்துக்கே போனது. சித்தப்பா புதுப்படம் வாங்கப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினார். படம் இறக்கிய வெறும் சுவர் சித்தியின் கண்ணில் படக்கூடாது என்று கட்டிலை மறுபக்கம் திருப்பிப் போட்டார்கள். பெரியம்மா குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். சித்தி தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்ததைக்கூட, "பாவம், மனசொடஞ்சு போய்ட்டா" என்றுதான் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் ஒரு பசுவுக்கு மடி வீங்கியிருந்தது. அதற்கு மட்டும் உடனே ஆள் போயிற்று. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். மலையாளத்துக்காரர், எங்களோடு பேசிப் பேசி இரண்டும் கலந்த ஒரு பேச்சுப் பேசுவார். ஊசி போட்டுவிட்டுக் கை கழுவ வாசலுக்கு வந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்த சித்தியைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல், கையிலிருந்த சொம்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். சித்தி அதை வாங்கவும் இல்லை, விலகவும் இல்லை. நேராக வந்து நெற்றியில் இடித்துக்கொண்டாள்.

"எத்தற மாசம்?"

"எட்டுங்க" என்றாள் பெரியம்மா. "நேத்துப் படத்துல ஒரு கொறையாயிருச்சுங்க, அதப் பாத்த அதிர்ச்சி..."

"படமோ!" அவர் சொம்பைத் தரையில் போட்டார். "பசுவுக்கு வீங்கினா எனக்கு ஆள் விடும். இவளுக்கு வீங்கினா படம் நோக்கும், அல்லே? வேகம் ஒரு ஜீப் விளிக்கு, கூப்பிடு. பாலக்காடு கொண்டுபோகணும், இப்பத்தன்னே."

ஜீப் வருவதற்குள் சித்திக்கு வெட்டு வலிப்பு வந்துவிட்டது. பல் கிட்டி, கை கால் இழுத்து, வாயில் நுரை. கம்பவுண்டர்தான் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையில் அடிபடாமல் தன் துண்டை மடித்துக் கீழே வைத்தார். நான் தொழுவத்துத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபின், தூணின் சுண்ணாம்பெல்லாம் என் நகத்தில் இருந்தது.

ஆண் குழந்தை. உயிரில்லை. சித்தி பிழைத்துவிட்டாள்.

வீட்டில் பேச்சு இப்படி ஆயிற்று: படம் அழிந்தது, கண்டுபிடித்த மறுநாளே அவளுக்குக் கண் போனது, பிள்ளையும் போனது. முதல்நாளே நான் வந்து சொன்னேனே என்று யாராவது நினைத்துப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். நினைத்துப் பார்த்தார்கள். "கண்ணுத் தெரியலன்னு நேத்தே சொன்னா பாரு. அவ வாயில வந்தது அப்படியே பலிச்சுப்போச்சு" என்றாள் அம்மா. என்னைப் பெற்றவள். அதற்கப்புறம் நான் எதைப் பற்றியும் முன்கூட்டி வாய் திறக்கப் பயந்தேன். இன்றைக்கும் மகன் வண்டியில் கிளம்பும்போது, பார்த்துப் போ என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விழுங்கிவிடுவேன். சொன்னதால் ஏதாவது ஆகிவிட்டால்?

படத்தைப் பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய சாமி படங்களெல்லாம் அங்கேதான் இருக்கும். பின்பலகை இல்லாமல் கிடந்தது. சித்திரையில் இரண்டு மழை பெய்தது. யாரும் துடைக்காமலே யசோதையும் போனாள், பசுவும் போனது. வளையலிலிருந்த பொன் காகிதம் மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வகையில் அதற்கப்புறம் எந்தப் படமும் ஊர் ஊராகப் போகவில்லை. பிறந்த குழந்தையை என் கையில் கொடுக்கவும் யாரும் துணியவில்லை. என் சொந்தத் தங்கை பிள்ளையைக்கூட மூன்றாம் மாதம்தான் தூக்கினேன்.

என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது பெரியம்மா. "இவளாலதான அவ மடி வெறுமையாப் போச்சு. இவளே கூட இருக்கட்டும்" என்றாள். தண்டனை என்று சொல்வதா, வேறேதாவது சொல்வதா, தெரியவில்லை. டி.சி. வாங்கிவிட்டார்கள். கல்யாணமாகிப் போகும்வரை சித்தி அறையில்தான் என் பாய். அவள் எனக்குத் தலை பின்னிவிட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவள்தான் பலகாரம் சுட்டாள். சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்க்கவில்லை. குற்றம் சொல்ல நான் இருந்ததால் அவள்மேல் குற்றமில்லாமல் போயிற்று. அவளுக்கு அப்புறம் பிள்ளையும் இல்லை.

இனி, இதுவரை யாரிடமும் சொல்லாதது.

குழந்தை போன மூன்றாம் நாள், காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அம்மா என்னைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே என்னைக் கட்டில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, டாக்டரம்மா கூப்பிடுகிறார் என்று வெளியே போய்விட்டாள். சித்திக்குப் பார்வை அப்போதும் முழுசாகத் திரும்பவில்லை. முகம் என் பக்கம் இருந்தது, கண் என்மேல் இல்லை. நான் மூச்சைக்கூட விடாமல் நின்றேன். அவள் கையை நீட்டித் துழாவி என் பாவாடையைப் பிடித்து, பிறகு கையைப் பிடித்தாள்.

"நீதான?"

"ஆமாங்."

"அடிச்சாங்களா?"

 அவள் உதட்டில் பல் பதிந்த காயம் கறுத்திருந்தது. வெகுநேரம் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே எனக்குக் கண்ணுத் தெரியலன்னும், நீ சொன்னது நெசம், நாந்தான் இல்லைன்னு மறச்சேன்னும் சொல்லிரட்டுமா? உங்கம்மா வரட்டும், சொல்லிர்றேன்."

வெளியே வராந்தாவில் அம்மாவின் குரல் கேட்டது. வந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று ஐம்பது வருஷமாக யோசிக்கிறேன். அவள்மேல் இரக்கமா, சொன்னாலும் என்னை நம்பமாட்டார்கள் என்ற பயமா. நல்ல மனசோடுதான் சொன்னேன் என்று ஆணையிட என்னால் முடியாது.

"வேண்டாங் சித்தி" என்றேன்.

"ஏன்?"

"அப்பறம் உங்கள அனுப்பிருவாங்க."

அவள் என் கையை விடவில்லை. அம்மா உள்ளே வந்து, "கால்ல விழுந்தியாடி?" என்று கேட்டாள். சித்தி வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை நகர்த்திச் சுவரோரம் ஒதுங்கினாள். கட்டிலில் ஒரு சின்ன ஆள் படுக்கிற அளவுக்கு இடம் வந்தது. நான் ஏறிப் படுத்துக்கொண்டேன்.